ஏழாம் எண் பீப்பாய்

உ
9.2.1983

புது உத்தரவு வந்து இன்றோடு பத்து நாள். நகக்கண்ணெல்லாம் கார்பன் மை. இனிமேல் எந்தக் கள்ளுக்கடையிலும் எண் போடாத பீப்பாய் இருக்கக் கூடாது. கடையில் உட்கார்ந்து குடிப்பவனுக்குக் கேள்வியில்லை. கல்யாணம், காதுகுத்து என்று முழுப் பீப்பாயை வெளியே உருட்டிக்கொண்டு போனால் மட்டும், எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த எண், என்றைக்குத் திரும்பி வந்தது, எல்லாம் பதிவாக வேண்டும். போன வருஷம் ஏதோ ஊர்த் திருவிழாவில் எட்டுப் பேர் வாந்தி எடுத்துக் கிடந்தார்களாம். பீப்பாய் எந்தக் கடையுடையது என்று கடைசிவரை தெரியவில்லையாம். அதனால் இந்த ஏற்பாடு.

தம்பி கருப்பு கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். "நமக்கு இன்னும் ரேசன் கார்டு வரல. பீப்பாய்க்கு வந்துருச்சா யக்கா?"

கலால் ஆபீசில் தட்டச்சர் வேலை பார்க்கிறேனே தவிர, நான் இதுவரை ஒரு கள்ளுப் பீப்பாயைக் கண்ணால் பார்த்ததில்லை. கள்ளுக்கடை இருக்கிற தெருப்பக்கம் பொம்பளை எதற்குப் போகப் போகிறாள்? எனக்கு எண்தான் தெரியும்.

இந்த டைரி கருப்பு கொண்டுவந்தது. வாடிப்பட்டி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தார்களாம். நான் சுழி போடுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது சுழியா, ரெண்டா? பிள்ளையாருக்கு ரெண்டு மார்க் போட்ட மாதிரி இருக்கு" என்றான். குட்டு ஒன்று வைத்தேன்.

உ
16.2.1983

வாடிப்பட்டி சரகத்துக் கடைகளைச் சோதனை போட்டுவிட்டு, காவலர் சின்னச்சாமி துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு டி. கல்லுப்பட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது, பெட்டி கட்டுகிற அவசரத்தில் நிற்கக்கூட நேரமில்லை.

பதினோரு கடையில் ஒன்றே ஒன்றுதான் சிக்கியது. யாருடையது? சிவனாண்டியுடையது! உத்தரவை உடனே அடித்தேன். "பீப்பாய் எண் 27 பயன்பாட்டிற்குத் தகுதியற்றது. உடைத்து அழிக்கவும்." ஆபீசர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு மத்தியானச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

அப்பா சிவனாண்டி வீட்டு வயலில் பதினெட்டு வருஷம் உழைத்தார். அவர்கள் வாசல்படிக்குக் கீழே நின்றுதான் கூழ் வாங்கினார். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒரு பீப்பாய் உடைந்தால் அது ஈடாகுமா? ஆகாது. இருந்தாலும் உடையட்டும்.

உ
24.2.1983

வந்தான். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை. என் மேசை முன்னால் நின்றான், எதிரில் இருந்த நாற்காலியை நான் காட்டவில்லை.

"ஏத்தா தங்கம், நேத்து ஒங்க ஆளுக வந்து ஒடச்சது நல்ல பீப்பாத்தா. போன மாசந்தேன் வாங்குனேன். அதுல என்ன கொறைன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னை மேடம் என்கிறார்கள். இவனுக்கு மட்டும் நான் 'ஏத்தா'.

"உத்தரவுல இருக்கு. படிச்சுப் பாருங்க."

"தகுதியில்லன்னு மட்டுந்தேன இருக்கு? எதுனாலன்னு இல்லையே. சீட்டு இருக்கும்ல, ஒரு தடவ எடுத்துப் பாரேன்."

சீட்டு என் இடது கைப்பக்கம் கோப்பில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை. "வேலை கெடக்கு, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மிஷினில் தாளைச் சொருகினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் நின்றது எனக்கு இனித்தது. பொய் எதற்கு, டைரிதானே?

உ
4.3.1983

கருப்புவின் சிநேகிதன் காளைக்குப் பத்தாம் தேதி கல்யாணம். அவர்கள் ஊருக்கு முழுப் பீப்பாய் ஒன்று எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டும். "நீ அடிச்சுக் குடுத்தா இன்னைக்கே வாங்கிட்டுப் போயிருவேன் யக்கா" என்று ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு கெஞ்சல். சிவனாண்டி கடைதான் அந்த ஊருக்குப் பக்கம். வேறு கடையில் வாங்கு என்றால் கேட்கிறானா? அடித்துக் கொடுத்தேன். பீப்பாய் எண் 7.

"நீ குடிக்கக் கூடாது. போலீஸ் செலக்சன் அடுத்த மாசம்."

"மாப்பிள்ளத் தோழன் நாந்தேன் மூடியத் தொறக்கணும். மொத கிளாசு மட்டும். அம்புட்டுத்தேன், சத்தியமா."

தினமும் விடிகாலையில் கே.கே. நகர் ரோட்டில் மூன்று மைல் ஓடுகிறான். கேன்வாஸ் ஷூ அடி தேய்ந்துவிட்டது. சம்பளம் வந்ததும் புதுசு வாங்கித் தர வேண்டும்.

உ
11.3.1983

கருப்பு செத்துப்போய்விட்டான்.

உ
19.3.1983

எழுதினால்தான் மூச்சு வருகிறது.

பந்தலில் அவன்தான் மூடியைத் திறந்தானாம். முதல் கிளாசைக் குடித்துவிட்டு, "கள்ளு கசக்குதுடா மாப்ள" என்றானாம். எல்லாரும் கேலி செய்தார்களாம், அதற்காகவே இன்னொரு கிளாஸ். வேர்த்துக் கொட்டியது, வாயில் நுரை. அவனுக்குப் பிறகு குடித்த ஆறு பேர் வாந்தி எடுத்துப் பிழைத்துவிட்டார்கள். இவன் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போதே நினைவில்லை. பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்றார் டாக்டர். கள்ளுக்குள் பூச்சிமருந்து எப்படி வரும்? பீப்பாயில் ஊறியிருந்தால் வரும் என்றார்.

அம்மா அழவில்லை. அம்மா பேர் முனியாயி. ஊரில் அவள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும் என்பார்கள், சொந்தப் பிள்ளைக்கு ஒரு வரி பாடவில்லை. இன்று காலையில் அவனுடைய ஓட்டை ஷூவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். என் கையைப் பிடித்து அதன் மேல் அழுத்தினாள்.

"எவனா இருந்தாலும் விடமாட்டேன்னு சொல்லு."

"விடமாட்டேன்."

"எவனா இருந்தாலும்."

"எவனா இருந்தாலும் விடமாட்டேம்மா."

எவனா இருந்தாலும் என்ன? எனக்குத்தான் அவன் பேர் தெரியுமே. சிவனாண்டி. பணம் இருக்கிறது, கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு டைப் மிஷினும் ஒரு பதிவேடும். போதும்டா சிவனாண்டி. உன்னை உன் பீப்பாயை வைத்தே உள்ளே தள்ளுகிறேன் பார்.

உ
23.3.1983

வேலைக்குப் போய்விட்டேன். பதினாறு முடியட்டும் என்றார்கள். எனக்கு ஆபீஸ்தான் வேண்டும், பதிவேடு அங்கேதானே இருக்கிறது?

காளை கல்யாணத்துக்குப் போனது எண் 7. கைப்பற்றிய பீப்பாயிலும் எண் 7 என்றுதான் போலீஸ் எழுதியிருக்கிறது. நம் பதிவேட்டில் 7 நல்ல பீப்பாய், சோதனையில் தேறியது. கெட்டது 27. அது உடைந்துவிட்டது.

அப்படியானால் நல்ல பீப்பாய் எப்படிக் கொன்றது?

இதில் ஏதோ இருக்கிறது. நாற்காலியில் உட்கார முடியவில்லை.

உ
28.3.1983

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

ஸ்டேஷனுக்குப் போய், செத்தவனின் அக்கா என்று சொல்லிப் பீப்பாயைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிற கள்ளுப் பீப்பாய் என் தம்பியைக் கொன்றது. பின்பக்கம் வெயிலில் கிடந்தது. பலகை கறுத்து, இரும்புப் பட்டை துருவேறி, குனிந்தால் இன்னும் குமட்டுகிறது. வெள்ளைப் பெயின்டில் 7. அந்த ஏழுக்கு முன்னால் ஒரு தடம். பெயின்ட் உதிர்ந்து, பாதிதான் தெரிகிறது. மேலே வளைவு, கீழே நீட்டல். இரண்டு! யாரோ இரண்டைச் சுரண்டியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். கெட்ட 27-ஐ உடைக்க மனசில்லாமல் முன்னால் இருந்த 2-ஐச் சுரண்டி 7 ஆக்கியிருக்கிறான். ஏதோ ஓட்டைப் பீப்பாய்க்கு 27 என்று எழுதி அதை உடைக்கக் கொடுத்திருக்கிறான். அப்புறம் நல்லவன் மாதிரி என் மேசைக்கு வந்து, உடைச்சது நல்ல பீப்பாத்தா என்று நடிப்பு வேறு. அடப் பாவி! அன்றைக்கு உன்னை நிற்கவைத்தது பத்தாது. முட்டி போட வைத்திருக்க வேண்டும்.

உ
5.4.1983

என் மனுவை ஆபீசர் மேலே அனுப்பினார். அவர்கள் போலீசுக்கு அனுப்பினார்கள். எண்ணைத் திருத்தினான், தடைசெய்த பீப்பாயை விற்றான், ஓர் உயிர் போனது. மூன்று பிரிவு. இன்று காலை கடையில் வைத்தே பிடித்துவிட்டார்கள். ஜாமீன் இல்லை. வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு வழியாக நடத்தித்தான் கூட்டிப் போனார்களாம். வெள்ளை வேட்டியெல்லாம் புழுதியாம். பார்த்தவர் வந்து சொல்லச் சொல்ல இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டேன். மூன்று தடவை கேட்டேன்.

உ
6.4.1983

அம்மா இன்று சோறு தின்றாள்.

உ
15.4.1983

சிவனாண்டி பெஞ்சாதி ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் குடியிருக்கிற பின்கட்டு வாசல் தாழ்வானது, குனிந்துதான் வர வேண்டும். குனிந்து வந்தாள். அப்பா நின்று கூழ் வாங்கிய வாசலின் எஜமானி.

"தாயி, அவரு எத்தனையோ பேசுவாரு, எத்தனையோ செய்வாரு. ஆனா நம்பர மாத்தல தாயி. என் பிள்ளைக மேல சத்தியம்."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் பேசினேன். "முன்னால இருந்த ரெண்ட நானே என் கண்ணால பாத்தேன்."

"நீ கடைக்கு வந்து பாரு தாயி. சீல் வச்ச சன்னல் வழியாப் பாத்தாலே தெரியும். எல்லாப் பீப்பாயிலயும் அந்தக் குறி இருக்கு."

மேலே பேச நான் விடவில்லை. எல்லாவற்றிலுமா? அப்படியானால் எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறான். இதையும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! பைத்தியத்தைப் பார்ப்பது போல. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தே போனாள்.

அழுகிறாயா, அழு. எங்கள் வீட்டில் அழக்கூடத் தெம்பில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

உ
20.4.1983

அரசு வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். சோதனை போட்ட காவலரின் வாக்குமூலம் வேண்டுமாம். எண் 27-இல் அவர் என்ன குறை கண்டார் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் சிவனாண்டி தப்பவே முடியாதாம். போலீஸ் எப்போது போய்க் கேட்கும்? நானே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டி. அவன் சவப்பெட்டியின் கடைசி ஆணியை என் கையால் அடிக்க வேண்டும்.

உ
24.4.1983 ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். நடந்ததை நடந்தபடி.

சின்னச்சாமி அண்ணன் வீட்டில்தான் இருந்தார். கருப்பு விஷயம் பேப்பரில் படித்ததாகச் சொல்லிக் கண் கலங்கினார். மோர் கொடுத்தார். நான் கேட்டேன், அந்தப் பீப்பாயில் என்ன கண்டீர்கள் என்று.

"மருந்து வாடைம்மா. மூடியத் தொறந்தா மூக்கு எரியுது. கடையாளு மொக்கையன் இருக்கான்ல, அவன் மச்சானுக்குப் பருத்திக்காடு இருக்கு. மருந்து கலக்கி அடிக்கன்னு அந்தப் பீப்பாயக் குடுத்து வாங்கியிருக்கான், பொறவு கழுவிட்டுக் கள்ள ஊத்திட்டான். அதட்டுன ஒடனே எங்கிட்டச் சொன்னான். 'மொதலாளிக்குத் தெரியாது, சொல்லிராதீகண்ணே'ன்னு கால்ல விழுந்தான்."

சிவனாண்டிக்குத் தெரியாதா? சரி, மொக்கையன். இரண்டு பேருமே உள்ளே போகட்டும். நான் பேனாவைத் திறந்தேன். இருபத்தேழாம் எண் பீப்பாய் என்று சொல்லித் தொடங்குங்கள் அண்ணே என்றேன்.

"இருவத்தேழா? ஏழும்மா."

"நீங்க சீட்டுல இருபத்தேழுன்னு எழுதினீங்க."

"இல்லையே. ஏழ ஒடைக்கணும்னுதேன எழுதுனேன். ஏன், ஒடைக்கலையா? ஒடைக்காமயா கல்யாணத்துக்குப் போச்சு?"

"ரெண்டு, ஏழு. நான்தான் படிச்சு அடிச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பீப்பாயில எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே பாத்து எழுதுனேன்மா. அந்தப் பக்கம் எல்லாப் பீப்பாய்க்கும் நம்பர் எழுதுறது பெயின்டர் முத்திருளன். அவன் சுழி போடாம எதையும் எழுத மாட்டான். சுவரானாலும் சரி, பீப்பாயானாலும் சரி. பட்டைக்கு மேல எடமில்லன்னா பக்கத்துலயே போட்டுருவான்."

சுழி. பிள்ளையார் சுழி. உ.

பஸ்ஸில் எப்படி ஏறினேன், எப்படி இறங்கினேன், தெரியாது.

26.4.1983

நேற்று ஆபீசுக்குச் சீக்கிரம் போய்க் கோப்பை எடுத்தேன். சீட்டு அங்கேயே இருந்தது, இடது கைப்பக்கம். "சிவனாண்டி கடை. உ7. மருந்து வாடை. உடைக்கணும்." பென்சில் எழுத்து. அந்த உ அச்சு அசல் இரண்டுதான். என் சுழியும் அப்படித்தானே இருக்கும். கருப்பு சொன்னானே.

மருந்து வாடை என்று எழுதியிருக்கிறார். நான்தான் அதை அடிக்கவில்லை. 'பயன்பாட்டிற்குத் தகுதியற்றது' என்று ஆபீஸ் தமிழில் அடித்தேன், அழகாக இருக்கிறதென்று. அந்த இரண்டு சொல்லை அடித்திருந்தால் சிவனாண்டி கடைக்குப் போய் ஒவ்வொரு பீப்பாயாக மோந்து பார்த்திருப்பான். வந்து கேட்டானே! எதுனாலன்னு இல்லையே என்று கேட்டானே! கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

இன்று வாடிப்பட்டிக்குச் சோதனைக்குக் கிளம்பிய ஆபீசரோடு, காரணம் சொல்லாமல், ஜீப்பில் போய்ச் சீல் வைத்த கடையின் சன்னல் வழியாகப் பார்த்தேன். உ3. உ11. உ19. உ22. ஒச்சம்மாள் சொன்னது போலவே, எல்லாவற்றிலும்.

28.4.1983

சீட்டு என் கைப்பைக்குள் இருக்கிறது. நாலு விரல் அகலம். அடுப்பில் போட்டால் முடிந்தது. சின்னச்சாமி அண்ணன் சொல்லுக்கு என்ன ஆதாரம்? பதிவேட்டில் 27. உத்தரவில் 27. சிவனாண்டி ஏழு வருஷம் உள்ளே கிடப்பான். கிடந்தால் என்ன? அப்பாவை நிற்கவைத்தவன்தானே? அவன் வீட்டுக் கூழில் எத்தனை பூச்சி மிதந்தது, யார் கேட்டார்கள்? அவன் கடை, அவன் பீப்பாய், அவன் ஆள் செய்த வேலை. அவனுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. மொக்கையனுக்கும் இருக்கிறது. ஆனால் ஏழாம் எண்ணை உடைக்கச் சொல்லி வந்த சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதே பீப்பாயைக் கல்யாணத்துக்கு அனுப்ப அனுமதி அடித்தது சிவனாண்டியா? மொக்கையனா?

கருப்பு, நான்தானேடா. உன் அக்காதானேடா அடிச்சேன்.

1.5.1983

அம்மாவிடம் சொன்னேன். சீட்டைக் கையில் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சுழி மட்டும் தெரியும், விரலை வைத்து, "இது உ-தான?" என்றாள். ஆமாம் என்றேன். "இதையா ரெண்டுன்னு படிச்ச?" ஆமாம் என்றேன்.

ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று ஒப்பாரியை எடுத்தாள் பாருங்கள், ஐம்பது நாள் அடக்கி வைத்ததெல்லாம். முன்கட்டிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் ஓடி வந்தார். "ஆங்காரி" என்று ஒரு வரியில் பாடினாள். அது என்னைத்தான். நான் அவள் காலடியில் கிடந்தேன். என்னைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

2.5.1983

காலையில் கஞ்சியும் வெங்காயமும் வைத்தாள். "தின்னுட்டுப் போ." எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. எவனா இருந்தாலும் என்று சத்தியம் வாங்கியவள்தானே, தெரியாதா?

ஆபீசில் தாளைச் சொருகினேன். நான்கு பிரதி. துண்டுச் சீட்டில் இருந்தது இன்னது, நான் படித்தது இன்னது, அடித்தது இன்னது. உரிமதாரர் நேரில் வந்து கேட்டும் சீட்டை எடுத்துப் பார்க்க மறுத்தேன். கடையாள் மொக்கையன் பற்றி நாலு வரி. சிவனாண்டி எண்ணைத் திருத்தவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அடிக்கத்தான் விரல் வரவில்லை. அப்பா நின்ற வாசல் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. அடித்துவிட்டேன்.

ஆபீசர் இந்தத் தடவை முழுக்கப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது, உத்தரவில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே. கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏம்மா தங்கப்பொண்ணு, அவன் உள்ள போயாச்சு. ஒன் தம்பிக்கு நியாயம் கெடச்சாச்சு. இத எதுக்குக் கெளறுற? வேலை போயிரும், ஒன் மேலயே கேசு வரும்."

"வரட்டும் சார். என் தம்பியக் கொன்னவங்கள விடமாட்டேன்."

அவர் தாளை மறுபடி எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார், தப்பு ஏதாவது கிடைக்காதா என்று.

"நம்பரையாச்சும் நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். ஏழு. முன்னால ஒண்ணுமில்ல."